சுளுக்கு என்று எழுதியது

அன்று மழை பெய்ததா என்பது இப்போது நாகோஷிக்கு நிச்சயமில்லை. பெய்தது என்றுதான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓட்டிலிருந்து நீர் சொட்டியதும், அந்தப் பெண்கள் இருவரும் செருப்பைக் கழற்றிய இடத்தில் ஈரத் தடம் விழுந்ததும் அவருக்குக் கண்முன் நிற்கின்றன. அவர் மனைவி ஃபுசாயே ஒப்புக்கொள்வதில்லை. ஏப்ரல் கடைசி வாரம், பின்கட்டில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன, மழை எங்கிருந்து வந்தது என்பாள்.

மழை எப்படியோ போகட்டும். அவருக்கு நிச்சயமில்லாதது இன்னொன்று உண்டு. அந்த ஒரு சொல்லை முதலில் வாயெடுத்துச் சொன்னது தானா, அந்தப் பெண்ணா? இருபத்தைந்து வருடங்களாக அதை நினைவிலிருந்து தோண்டியெடுக்கப் பார்க்கிறார். சில நாட்கள் அவள் குரலில் கேட்கிறது. சில நாட்கள் தன் குரலில்.

ஜப்பானின் முராகாமி ஊரில் மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கும் தெருவில் இருந்தது அவருடைய கட்டு வைத்தியசாலை. ஒரு கட்டில், இரண்டு முக்காலி, சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அரசாங்க உரிமம், எப்போதும் பற்று வாசனை. ஜூடோ ஆடுகிறவர்களுக்கு எலும்பும் மூட்டும் பிசகினால் முதலில் வருவது இங்கேதான். அவரும் ஜூடோவிலிருந்து வந்தவர்தான். அந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான்.

அன்று அந்தப் பள்ளியின் ஜூடோ மாணவி கசுமி தெருக்கோடியில் வரும்போதே ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டார். வலக்கையால் இடது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்படி நடந்து வருகிறவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவர் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓடும் காறை எலும்பு.

உடன் வந்த சயோ அழுதுகொண்டிருந்தாள். பயிற்சியில் கசுமியைத் தூக்கிப் போட்டது அவள்தான்.

"இவ விழமாட்டேன்னு அடம் பிடிச்சா ஐயா! ஒழுங்கா விழுந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. காத்துலயே திரும்பி..."

"போடி. உன்கிட்ட எவ விழுவா?" என்றாள் கசுமி. உதடு வெளுத்திருந்தது.

"பாருங்க, இப்பவும் வாய்!"

"வாய் உடையலயே. எலும்புதானே போச்சு."

ஜூடோவில் முதல் நாள் சொல்லித் தருவது விழுவதைத்தான். கை பாயில் ஓங்கி அறைய, உடம்பு உருள, அடி முழுவதும் பாய்க்குப் போய்விட வேண்டும். கசுமிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் சயோவிடம் விழ மனமில்லை. தோள் முதலில் தரையில் மோதியிருந்தது.

பயிற்சியாளர் தொகாஷி அன்று வேறு ஊரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். பையை எடுத்துவரச் சொல்லி சயோவைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார் நாகோஷி. அவர், கசுமி, வைத்தியத்தில் கைகொடுக்கும் ஃபுசாயே என்று அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

கசுமியை முக்காலியில் உட்கார வைத்தார். சுட்டுவிரலும் நடுவிரலும் எலும்பின் மேல் மெதுவாக நகர்ந்தன. நடுப்பகுதி தாண்டியதும் ஒரு படி. தோலுக்கு அடியில் இரண்டு முனைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி. எக்ஸ்ரே எடுக்க அவருக்கு அனுமதி கிடையாது, அந்தத் தொழிலில் யாருக்கும் கிடையாது. விரல்தான் எல்லாம். அந்த விரல்கள்மேல் அவருக்குக் கர்வம் இருந்ததை அவர் பின்னாளில் மறைத்ததில்லை.

ஃபுசாயே பின்னால் வந்து நின்று, தன் முழங்காலைப் பெண்ணின் முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்து, தோள்களைப் பின்னுக்கும் மேலுக்கும் இழுத்தாள். நாகோஷி முன்னால் மண்டியிட்டு முனைகளைப் பிடித்தார்.

"கத்தணும்னா கத்து."

"கத்தமாட்டேன்."

கத்தவில்லை. மூச்சு மட்டும் ஒருமுறை வெட்டுப்பட்டது. படி இறங்கி எலும்பு சமமாயிற்று. அக்குள்களில் பஞ்சு வைத்து, முதுகில் எட்டுப்போலக் குறுக்காக ஓடும் கட்டைப் போட்டார். விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். பிறகு சொன்னாள்:

"ஐயா, ஜூன் ஏழு."

இது நிச்சயம். இதை அவள்தான் சொன்னாள்.

ஜூன் ஏழு மாவட்டப் போட்டி. பள்ளி முடிக்கப் போகும் மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு அதுதான் கடைசி. அதில் தோற்றால் அன்றைக்கே ஜூடோ அங்கியை மடித்து வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்க உட்கார வேண்டும். போன வருடம் இறுதிச்சுற்றில் நூலிழையில் தோற்றிருந்தாள் கசுமி. அந்த ஒரு நாளுக்காக ஒரு வருடம் முழுவதும் விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஓடினாள். மியோமொதே ஆற்றில் வலை இழுக்கிறவர்கள் அவளுக்குக் கையசைப்பார்கள். நாற்பத்தொரு நாள் இருந்தது.

நாகோஷி கட்டின் முடிச்சை இன்னொரு முறை சரிபார்த்தார். அவர் குறைவாகப் பேசுகிறவர். ஊரில் அதைப் பொறுமை என்றார்கள்.

எலும்பு முறிந்தால் முதல் கட்டை அவர் போடலாம். அதற்குமேல் தொட டாக்டரின் சம்மதம் வேண்டும். டாக்டரிடம் போனால் எக்ஸ்ரே, அதன் கூடவே எட்டு வாரம் ஓய்வு என்ற கடிதம். கடிதம் பள்ளிக்குப் போகும். போட்டிக்கான பெயர்ப்பட்டியல் மே நடுவில் மூடுகிறது, முறிவுக் கடிதம் உள்ள பெயர் அதில் ஏறாது. சுளுக்குக்கோ யாருடைய சம்மதமும் வேண்டாம்.

அந்தச் சொல் அப்போதுதான் அந்த அறையில் விழுந்தது. யார் வாயிலிருந்து என்பதுதான் தெரியவில்லை.

பள்ளிக்குக் கொடுக்கும் சிறிய அட்டையை எடுத்தார். காயத்தின் பெயர் என்ற கட்டத்தில், இடது தோள் சுளுக்கு என்று எழுதினார். ஓய்வு நாட்கள் என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஆறு வாரம் என்று எழுத நினைத்தார். சுளுக்குக்கு ஆறு வாரம் என்றால் எவன் நம்புவான்? மூன்று வாரம் என்று எழுதினார். அப்புறம் இழுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினார்.

அவர் மனக்கணக்கு இதுதான்: பதினேழு வயது எலும்பு சீக்கிரம் கூடும். வைத்தியத்தில் ஒரு குறையும் வைக்கப் போவதில்லை, முறிவுக்குச் செய்ய வேண்டிய அத்தனையும் செய்வார். பெயர் மட்டும்தான் வேறு. பட்டியலில் அவள் பெயர் இருக்கட்டும். ஜூன் ஆறாம் தேதி தொட்டுப் பார்த்து, கூடவில்லையென்றால் வேண்டாம் என்று தானே சொல்லிவிடலாம்.

"இந்தக் கட்டு யார் கண்ணுலயும் படக்கூடாது. எட்டுக் கட்டைப் பார்த்தா ஜூடோக்காரங்க யாருக்கும் புரிஞ்சுடும். பனியனுக்குள்ளயே இருக்கட்டும்."

"அம்மாகிட்ட?"

அவர் ஃபுசாயேவைப் பார்த்தார். ஃபுசாயே பஞ்சைச் சுருட்டி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கும் சுளுக்குதான்."

கசுமி வலக்கையை மட்டும் ஊன்றித் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் ஃபுசாயே கேட்டாள்.

"என்னங்க எழுதினீங்க?"

"சுளுக்கு."

அவள் டப்பாவை மூடினாள். 

ஒருநாள் விட்டு ஒருநாள், பள்ளிக்கு முன்பு காலை ஏழு மணிக்குக் கசுமி வந்தாள். கட்டை அவிழ்த்து, தோலில் புண் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இறுக்கிக் கட்டினார். இரவு மல்லாந்து படுக்க வேண்டும், முதுகுக்கு நடுவே துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

"எங்கம்மா சொல்றாங்க ஐயா, ஒருவழியா நான் பொண்ணு மாதிரி நிமிர்ந்து நடக்கறேனாம். சுளுக்கு வந்தது நல்லதாப் போச்சாம்."

"அப்படியா."

"கல்யாணத்துக்கு இந்தக் கட்டோடயே போட்டோ எடுக்கலாம்னு இருக்கேன்."

ஃபுசாயே சிரித்துவிட்டாள். கசுமி அதில் வெற்றி கண்டவள்போல் கண்ணைச் சிமிட்டினாள். நாகோஷி சிரிக்கவில்லை. விரல்கள் எலும்பின் மேல் இருந்தன. பதினைந்தாம் நாள் முறிந்த இடத்தில் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது, அவரைக்கொட்டை அளவு. எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. நேராக, சுத்தமாக. அந்தக் காலையில் அவர் மனசு லேசாக இருந்தது என்பதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வாரமே பெயர்ப்பட்டியல் மூடியது. உசுயி கசுமி என்ற பெயர் அதில் ஏறியிருந்தது.

மறுநாள் அவள் அம்மா நொரிகோ வந்தாள். சால்மன் மீனை உப்பிட்டு உலர்த்தும் கடையில் வேலை செய்பவள். தனியாள். கை எப்போதும் உப்பில் வெடித்திருக்கும். தாளில் சுற்றிய அரை மீனை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வெறும் சுளுக்குக்கு இவ்வளவு அக்கறையாப் பாக்கறீங்க ஐயா. எங்க கடை மீன். வாலோடது, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"எதுக்கு இதெல்லாம்."

"வீட்டுல அவ ஒருத்திதானே எனக்கு."

அந்த மீனை அவர்கள் நான்கு நாட்கள் சாப்பிட்டார்கள்.

இருபதாம் நாள் மாலை தொகாஷி வந்தார். நாகோஷிக்கு ஆறு வயது இளையவர். ஒரே பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார், பிள்ளைகளை அடித்ததில்லை.

"அண்ணே, ஒரு சுளுக்குக்கு மூணு வாரமா? விரலுக்கு வயசாயிடுச்சா?"

"உட்காரு."

"உட்கார நேரமில்ல. நாளையோட மூணு வாரம் முடியுது. போட்டிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அந்தப் பொண்ணு ஓரமா நின்னு மத்தவங்க ஆடறதையே பாத்துட்டிருக்கு, எனக்குப் பாவமா இருக்கு. பாயில ஏத்திடட்டுமா?"

நாகோஷி தேநீர் ஊற்றினார். அடுத்த அறையில் ஃபுசாயே துவைத்த கட்டுத்துணிகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். துணி உரசும் சத்தம் நின்றுவிட்டதை அவர் கேட்டார்.

"இன்னும் ஒரு வாரம் போகட்டுமே."

"ஏன்? உள்ள வேற ஏதாவது இருக்கா?"

இதுதான் அந்த இடம். ஒரு வாய்ச்சொல் போதும். தொகாஷி திட்டியிருப்பார், அப்புறம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார், அப்புறம் பட்டியலிலிருந்து பெயரை அடித்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். நாகோஷிக்கு அந்த மேடு ஞாபகம் வந்தது. இன்னும் இருபது நாள் பொறுத்தால் போதும் என்று விரல்கள் சொல்லின.

"இல்ல. சுளுக்குதான்."

"அப்பறம் என்ன அண்ணே! லேசா ஆடட்டும். பிடிச்சுப் பழகட்டும். தூக்கிப் போட வேணாம்னு பசங்ககிட்ட சொல்லிடறேன்."

நாகோஷி பதில் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொள்வது தொகாஷிக்கு முப்பது வருடப் பழக்கம். தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சூடு தாங்காமல் நாக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த அறையில் துணி உரசும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

மறுநாள் காலை வந்த கசுமியிடம், பாயில் ஏறாதே, வலிக்கிறது என்று சொல்லிவிடு என்றார். தலையாட்டினாள். ஆனால் மாஸ்டர் எதிரில் நின்று, வா என்று கூப்பிடும்போது, கையில் மூன்று வாரம் முடிந்த அட்டையை வைத்துக்கொண்டு வலிக்கிறது என்று எந்த மூன்றாம் ஆண்டுக்காரி சொல்வாள்? இரண்டு நாள் சொன்னாள். மூன்றாம் நாள் சொல்லவில்லை.

அன்று நடந்தது அவருக்குச் சயோ சொல்லித் தெரியும். உடை மாற்றும் அறையில் மற்றப் பெண்கள் பார்த்துவிடுவார்களே என்று கசுமி கழிப்பறைக்குப் போய், எட்டுக் கட்டை அவிழ்த்துச் சுருட்டிப் பையின் அடியில் திணித்துவிட்டு வந்தாள். முதலில் சட்டையைப் பிடித்துப் பழகினார்கள். நன்றாகத்தான் இருந்தது. கசுமியின் கண்ணில் பழைய வெளிச்சத்தைப் பார்த்த தொகாஷி, ஒரு சுற்று லேசாக ஆடுங்கள் என்றார்.

"என்னடி, மூணு வாரமா சோறு நல்லா இறங்கிச்சு போல. கனமாயிட்ட," என்று சயோ காதருகே சொன்னாளாம்.

"தூக்கித்தான் பாரேன்."

சயோ லேசாகத்தான் தூக்கினாள். பாதி வேகத்தில், சட்டையை விடாமல், மெத்தையில் வைப்பதுபோல இறக்கினாள். இந்தமுறை கசுமி அடம் பிடிக்கவில்லை. மாஸ்டர் சொல்லித் தந்தபடி ஒழுங்காக விழுந்தாள். இடது கையை நீட்டி, பாயில் ஓங்கி அறைந்தாள்.

அறைந்த சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது என்றாள் சயோ. அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நொரிகோ வேலை உடுப்போடு நின்றிருந்தாள். தொகாஷி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகோஷி வந்தபோது, எலும்பு டாக்டர், முப்பது வயது இருக்கும் இளைஞர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது இன்னைக்கு உடைஞ்சது மட்டும் இல்லீங்க. இங்க பாருங்க, சுத்தி மூட்டம் மாதிரி தெரியுதில்ல? மூணு வாரத்துப் பழைய முறிவு, ஒட்டிட்டு வந்திருக்கு. யார் கட்டினது?"

"நான்தான்."

டாக்டர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கோபத்தை விட வியப்புதான் அதிகமிருந்தது.

"நல்லா கட்டியிருக்கீங்க. நூல் பிடிச்ச மாதிரி நேரா கூடியிருக்கு. இன்னும் ஒன்றரை மாசம் அசையாம விட்டிருந்தா..." நிறுத்திக்கொண்டார். "இப்ப முனை உள்ள குத்தி நரம்பை அழுத்துது. உடனே பிளேட் வைக்கணும்."

தொகாஷி சுவரிலிருந்து திரும்பினார்.

"முறிவா?" என்றார். "அண்ணே, நான் கேட்டேனே. உங்ககிட்ட வந்து கேட்டேனே."

நாகோஷி தாழ்வாரத் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி நொரிகோவுக்கு முன்னால் குனிந்தார். முதல் நாளே முறிவு என்று தனக்குத் தெரியும் என்றும், சுளுக்கு என்று எழுதியது தான்தான் என்றும் சொன்னார். காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல இருந்த காரணம் எதுவும் அந்தத் தரையில் நிற்கவில்லை.

தள்ளுகட்டிலில் படுத்திருந்த கசுமி தலையைத் திருப்பினாள்.

"அம்மா, நான்தான் கெஞ்சினேன். சுளுக்குன்னு எழுதுங்க ஐயான்னு நான்தான் அழுதேன். அவர் மாட்டேன்னுதான் சொன்னார்."

நாகோஷி தலையை உயர்த்தவில்லை. அவள் அழுதது அவருக்கு நினைவில்லை. தான் மாட்டேன் என்று சொன்னதும் நினைவில்லை. அது நடந்ததா, இல்லை, தரையில் கிடந்த கிழவனுக்காக அந்தப் பெண் அந்த நிமிடத்தில் உண்டாக்கிச் சொன்னதா? ஜூன் ஏழு என்று சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததுதான் அவருக்குத் தெரிகிறது. கெஞ்சுகிற கண்கள் போலவும் இருக்கின்றன, வெறுமனே பார்க்கிற கண்கள் போலவும் இருக்கின்றன.

நொரிகோ மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்.

"நான் கொடுத்த மீனைச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம்."

அவள் தலையசைத்துவிட்டு, தள்ளுகட்டிலோடு நடந்து போனாள்.

எலும்பு இரண்டாவது முறையும் நன்றாகவே கூடியது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் முழுசாக மடங்கவில்லை. மற்றவர்களுக்கு அது பெரிய குறையில்லை. ஜூடோவில் எதிராளியின் சட்டைக்கையைப் பிடிப்பது சுண்டுவிரலிலிருந்துதான் தொடங்கும். அந்த விரல் இறுகாவிட்டால் பிடி இல்லை.

ஜூன் ஏழாம் தேதி வயல்களில் நாற்று நட்டு முடிந்திருந்தது. கசுமி பார்வையாளர் படிகளில், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எடைப்பிரிவில் பெயர் கூப்பிட்டார்கள், பட்டியலில் இருந்ததல்லவா. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு எதிராளியின் பக்கம் கொடியை உயர்த்தினார்கள். நாகோஷி கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டார்.

அந்த வாரமே அவர் சுகாதார அலுவலகத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தார். உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அவர் கதவைத் திறக்கவில்லை. மரக்கட்டை அறுக்கும் ஆலை ஒன்றில் காவலாளியாக ஓய்வு வயதுவரை வேலை பார்த்தார். இப்போது எண்பத்தொன்று.

தொகாஷி பயிற்சியாளர் பொறுப்பை அந்த வருடமே விட்டார். சாதோ தீவில் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போய், பூகோளம் மட்டும் சொல்லித் தந்தார். நாகோஷியோடு அவர் மறுபடி பேசவில்லை. ஏழு வருடங்களுக்கு முன் இறந்தார். சயோ ஜூன் ஏழாம் தேதி போட்டிக்கு வரவில்லை, அதற்குப் பின் அங்கியும் உடுத்தவில்லை. சைத்தாமாவில் கணவன், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். நொரிகோ கடைசிவரை அதே கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றாள். தெருவில் எதிர்ப்பட்டால் நாகோஷிக்குத் தலை தாழ்த்துவாள், நிற்கமாட்டாள். கசுமி நகராட்சி அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவில் இருக்கிறாள். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்தட்டை அனுப்புகிறாள், ஒன்றிலும் அதைப் பற்றி எழுதியதில்லை.

ஃபுசாயேவுக்கு எழுபத்தெட்டு. காது கொஞ்சம் மந்தம், நினைவு கூர்மை. அன்று அந்த அறையில் அவளும் இருந்தாள், யார் முதலில் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவர் கேட்டதில்லை. அவளாகவும் சொன்னதில்லை.